நாளுக்கு ஒரு திருகு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராக எதுவும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும் என்று கேட்காமல் இருப்போம். கேட்காமல் இருப்பதாலேயே சந்தேகம் வரும். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. என் கணவர் வெங்கடநாராயணனுக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் வேலை. எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்பதுதான் அவர் பிழைப்பு. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்று நான் சொன்னாலும் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். நான் இந்த வங்காளத்தில், பாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவள், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிறவள். ஒரு கடை எரிந்தது என்றால் கொளுத்தியது யார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

எங்கள் பெண் ஸ்னேகாவுக்குப் பதினோரு வயது. மேல்தாடை குறுகல். மேலே பற்கள் எல்லாம் ஆபீஸ் நேரத்து மினிபஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கீழே அதற்கு நேர்மாறாகச் சந்து சந்தாக இடைவெளி. மென்றால் ஒரு பக்கம் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் உட்காரும். வாயால்தான் மூச்சு விடுவாள். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருக்கும் டாக்டர் லாஹிரியிடம் அழைத்துப் போனோம்.

அவர் விஷயத்தைப் பொறுமையாகவே விளக்கினார். மேலண்ணம் என்பது ஒரே எலும்பு இல்லை, நடுவில் இரண்டும் சேருமிடம் இந்த வயதில் இன்னும் இறுகியிருக்காது. அண்ணத்தில் ஒரு கம்பிச் சட்டத்தைக் கடைவாய்ப் பற்களோடு ஒட்டிவிடுவார். அதன் நடுவில் ஒரு திருகாணி. அதில் இருக்கும் சின்னத் துளையில் சாவியை நுழைத்து, நாளுக்கு ஒரு முறை தொண்டைப் பக்கமாகத் தள்ளினால் தாடை மயிரிழை மயிரிழையாக அகலமாகும். இடம் உண்டான பிறகு பற்களில் கம்பி கட்டி வரிசைப்படுத்தி, சந்துகளை மூடுவார். இந்த ஒன்றிரண்டு வருஷத்தை விட்டால் எலும்பு இறுகிவிடும், அப்புறம் ஆபரேஷன் பண்ணித்தான் விரிக்க முடியும் என்றார்.

எனக்கு அவர் மேல் முதல் நாளே நம்பிக்கை வரவில்லை. அவருடைய முன்பல்லே கோணல். ஊரார் பல்லையெல்லாம் நேராக்குகிறவர் தன் பல்லை ஏன் விட்டுவைத்தார்? அதை அவரிடம் கேட்கவில்லை. வழக்கம்போல மனதில் வைத்துக்கொண்டேன்.

மகாளயத்துக்குப் பத்து நாள் முன்னால் சட்டத்தைப் பொருத்தினார். சாவியை என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பிடியும் முனையில் வளைந்த கம்பியுமாக அது ஒரு பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. முன்பல் நடுவில் தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி விழும், அது நல்லதுதான், பயப்படாதீர்கள் என்றார். பூஜை விடுமுறை முடிந்ததும் வரச் சொன்னார்.

காலையில் நான் ஆபீஸ் கிளம்பும் முன் திருகுவது என்று ஏற்பாடு. ஸ்னேகா பால்கனி நாற்காலியில் தலையைச் சாய்த்து வாயைத் திறப்பாள். நான் மொபைல் விளக்கைப் பிடித்துக்கொண்டு துளையைத் தேடுவேன். திருகியதும் மூக்குத்தண்டில் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள். கண்ணில் நீர் கட்டும், ஆனால் அழ மாட்டாள். பேச்சில் எச்சில் வழிந்ததால் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் பௌதி என்று கூப்பிடும் அடுத்த வீட்டு அம்மாள், வாயாடிப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டாள்.

அந்த வாரத்திலேயே தேய்பிறை அஷ்டமி வந்தது. எங்கள் குடும்பத்தில் அஷ்டமி நவமியில் ஒரு நல்ல காரியத்தில் கை வைக்க மாட்டோம். ஆரம்பித்த காரியத்தைத் தொடர்வதற்கு என்ன தோஷம் என்று கேட்பவர்கள் கேட்கலாம். குழந்தையின் எலும்பை நகர்த்துவது தினம் தினம் புதுக் காரியம்தான் என்பது என் கட்சி. இரண்டு நாளும் திருகவில்லை. ஸ்னேகாவிடம், அப்பா கேலி பண்ணுவார், அவரிடம் சொல்லாதே என்றேன். தசமியன்று விட்டதற்கும் சேர்த்து மூன்று முறை திருகினேன். அன்றைக்கு மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். கணக்கு நேராகிவிட்டது, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி அளவு என்றாரே, அங்கே ஸ்ட்ரா நுழைந்தது. தெருப் பந்தலில் விளக்குப் போடுவதற்குள் பென்சிலே நுழையும் போலாகிவிட்டது. ஸ்னேகா வாயைப் பொத்திக்கொண்டே நடமாடினாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிநேகிதிகளோடு பந்தல் பார்க்கப் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை. கிளினிக்குக்குப் போனால் பூட்டு. பூஜைக்கு மலைப் பக்கம் போயிருக்கிறார் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். இந்த ஊரில் பூஜை வந்தால் பாதிப் பேர் பந்தலில், பாதிப் பேர் மலையில். குழந்தையின் வாயைப் பிளந்து வைத்துவிட்டு அந்த மனுஷர் பனி பார்க்கப் போய்விட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாதவ்பூரில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், அவரும் ஊரில் இல்லை. சட்டத்தின் அளவையே தப்பாக எடுத்திருப்பார், இல்லையென்றால் வேண்டுமென்றே இடைவெளியைப் பெரிதாக்கி அதை மூட இன்னும் இரண்டு வருஷம் இழுத்தடிப்பார் என்று நானே ஒரு கேஸ் ஜோடித்துக்கொண்டேன். என் தொழில் அப்படி.

என் கணவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. நான் டாக்டரைத் திட்டினால் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்து ஸ்னேகாவின் வாய்க்குள் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார், நான் வர ஏழாகும். வரும்போதெல்லாம் குப்பைக்கூடையில் ஐஸ்க்ரீம் கப் ஒன்று கிடக்கும். குழந்தைக்குத் தொண்டை கட்டினால் முதலில் என்னைக் குற்றம் சொல்கிறவர் தினம் ஐஸ்க்ரீம் வாங்கித் தருவானேன் என்று அதிலும் ஒரு சந்தேகம். அதையும் கேட்கவில்லை.

துர்கா பூஜையின் அஷ்டமி வந்தது. ஊரே குளித்துப் புதுசு உடுத்தி, உபவாசமிருந்து புஷ்பாஞ்சலி செய்கிற நாள். வங்காளிகளுக்கு வருஷத்தின் மிக நல்ல நாள் நமக்குக் கூடாத நாள். அவர்கள் அஷ்டமி வேறு, நம் அஷ்டமி வேறு என்று எங்கள் அப்பா சொல்வார். வெளியே தாக்கு மேளம் அதிர்ந்துகொண்டிருக்க, நான் சாவியை எடுக்கவே இல்லை. இந்த முறை பாதி சாஸ்திரம், பாதி பயம். மறுநாளும் விட்டேன். ஸ்னேகாவிடம் அதே உத்தரவு: அப்பாகிட்ட சொல்லாதே. அவள் தலையை ஆட்டினாள். இரண்டு நாள் விட்டும் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடித்தான் இருந்தது. எனக்கு மூளையே குழம்பிவிட்டது.

கிளினிக் திறந்த முதல் நாளே மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் டாக்டரை எப்படி மடக்குவது என்று மனதுக்குள் வங்காளியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் எங்கள் பெயரைக் குறித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தீதி, இரண்டாவது சாவியையாவது பத்திரமா வெச்சிருக்கீங்களா? தொலைச்சிட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் வந்து இன்னொண்ணு வாங்கிட்டுப் போனாரே" என்று வங்காளியில் கேட்டாள்.

நான் எதையும் தொலைக்கவில்லை. சாவி என் கைப்பையில்தான் இருந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என்றைக்கு வந்தார், எதற்கு வந்தார், என் பேரில் ஏன் பொய் சொன்னார்? டாக்டரும் இவரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்கிறார்களா? கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நாற்காலியில் ஸ்னேகா சாய்ந்தாள். டாக்டர் லாஹிரி விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. ஒரு சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்தேன். தீக்குச்சி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா, குழந்தையை இப்படி விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகலாமா என்று கேட்டேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்தினார். குனிந்து ஸ்னேகாவிடம் மெதுவாகக் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திருகினார்கள் என்று.

ஸ்னேகா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் கண்ணுக்கு நேராகப் பார்த்து, "ஏக்பார்" என்றாள். ஒரு தடவை.

தினமும் திருகினார்களா என்று கேட்டார்.

"ரோஜ்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

தினமும் என்பது பொய். அது எனக்காகச் சொன்ன பொய், அது எனக்குத் தெரியும். நாலு நாள் நான் கையே வைக்கவில்லை. அப்படியென்றால் ஒரு தடவை என்பது யாருக்காகச் சொன்னது? இரண்டாவது சாவி, நாலு மணி, ஐஸ்க்ரீம் கப் எல்லாம் ஒரு நொடியில் என் தலையில் வந்து சேர்ந்தன.

டாக்டர் தலையை ஆட்டினார். திருகாணி எத்தனை சுற்று வந்திருக்கிறது என்பது அதிலேயே தெரியும், நாளுக்கு ஒன்று என்றால் இவ்வளவு வந்திருக்காது என்றார். குழந்தையைக் குற்றம் சொல்லவில்லை, எங்கள் இருவரையும்தான் பார்த்தார்.

இவர் தொண்டையைக் கனைத்தார். "சாயங்காலத்துல நானும் ஒரு திருகு திருகினேன், டாக்டர்" என்று ஆங்கிலமும் இந்தியுமாகச் சொன்னார். இவள் விட்டுவிடுகிறாள் என்று நினைத்தேன், அதனால் என்றார். விட்டது நிஜம்தான், ஆனால் அதை அப்புறம் ஒரே நாளில் சேர்த்துத் திருகிவிட்டேன் என்று நானும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

ஒரு பாதைக்கு ஒரு சாவிதான், சாவி இரண்டு கையில் இருந்தால் இரண்டு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் வந்துவிடும் என்று ரயில்வே வேதம் ஓதுகிறவர் இவர். சொல்லிக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் ஸ்னேகா அழத் தொடங்கிவிட்டாள். தசமியன்று மூன்று திருகு சேர்ந்து விழுந்தபோதுகூட இப்படி அழவில்லை. எச்சிலும் கண்ணீருமாக, தமிழில்:

"நான் யார்கிட்டயும் சொல்லலையே. சொல்லாதேன்னேள், ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாமத்தானே இருந்தேன். இப்ப நீங்களே சொல்லிட்டேளே."

வலித்ததற்கு அவள் அழவில்லை. நாங்கள் இருவரும் அவளிடம் கொடுத்து வைத்ததை நாங்களே போட்டு உடைத்ததற்குத்தான் அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டு, ஸ்னேகாவை வெளியே அழைத்துப்போய் உட்கார வைக்கச் சொன்னார். குழந்தைக்கு முன்னால் உங்களைத் திட்ட எனக்கு இஷ்டமில்லை என்றார். அப்புறம் திட்டினார். நல்லவேளையாகத் தாடைக்கு நிரந்தரக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மேல்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி வெளியே போகிற கட்டத்துக்கு வந்துவிட்டன. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போயிருந்தால் விரித்ததை மறுபடி குறுக்குவதற்கே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். இனி திருகவே கூடாது, பிளந்த இடத்தில் எலும்பு வளரட்டும், மூன்று வாரம் கழித்துப் பார்த்து ஒன்றிரண்டு சுற்று பின்னால் திருப்ப வேண்டியிருக்கலாம் என்றார். முன்பல் இடைவெளி கொஞ்சம் தானாகவே மூடும், மிச்சத்தைக் கம்பி மூடும் என்றார். இவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். என்னுடையதை என்னிடமே விட்டார். அத்தனையும் சொல்லி முடித்தபோது அவருடைய கோணல் பல்லைப் பற்றி நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்னேகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் சமையலறையில் நின்றோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். தினமும் நான் திருகி முடித்ததும் சாவியைக் கழுவித் தொட்டியோரம் ஒரு டம்ளரில் காய வைப்பேன். அந்த முதல் அஷ்டமி நவமி இரண்டு நாளும் டம்ளர் காய்ந்து கிடந்ததாம். கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று பழமொழி சொல்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே இரண்டு வேலையும் பார்த்திருக்கிறோம்.

"ஏன்னா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருந்தா நிஜத்தைச் சொல்லியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். திருகினேன், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதையும் முகம் மாறாமல் சொல்லியிருப்பேன். அன்று காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் பெண் சொன்னாளே, அதே மாதிரி. அவளுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று நான் வெளியில் தேட வேண்டியதில்லை. இனிமேல் எதுவானாலும் நேராகக் கேட்டுவிடுவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். பெரியவர்கள் பேசிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்னேகா பல் தேய்த்துவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் பால்கனி நாற்காலியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய்த் தலையைத் தடவினேன்.

"வேண்டாண்டி கண்ணா. இனிமே திருகவே வேண்டாம்."

வாயை மூடினாள். "யார் சொன்னா?"

"டாக்டர்தான்."

"என்னை வெளியில அனுப்பிட்டுத்தானே சொன்னார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா ஒரு விவரம் மாதிரி சொன்னாள். எழுந்து வந்து மேசை மேலிருந்த என் போனை எடுத்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்த கிளினிக் கார்டைப் பார்த்து எண்ணைப் போட்டாள். டாக்டர் காக்கு, நான் ஸ்னேகா பேசுகிறேன், இன்றைக்குத் திருக வேண்டுமா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள் என்று தெளிவான வங்காளியில் கேட்டாள். அவர் நீளமாக ஏதோ சொன்னார். ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். அச்சா என்று வைத்தாள்.

சரி, இப்போதாவது என்னிடம் வந்து உட்காருவாள் என்று தோசையைத் தட்டில் எடுத்துப் போட்டேன். அவள் என்னைக் கடந்து குளியலறைப் பக்கம் போனாள். இவர் உள்ளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, ஒன்றுமே தெரியாதவள் குரலில் கேட்டாள்.

"அப்பா, இன்னிக்குத் திருகணுமா?"

"வேண்டாம்மா. டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கார்" என்றார் இவர்.

மூன்று பேர் சொன்னதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் என் பெண் சாப்பிட வந்து உட்கார்ந்தாள்.